ஹரிராமின் ஃபைவ் நைன்

வில்லாபுரத்தில் ஹரிராமின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிய வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். கேபிள் டிவிக்காரர் வீடு என்று நினைத்து, படம் சரியாகத் தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

ஹரிராம் கேபிள்காரர் அல்ல. கீழவாசல் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், மாடியறையில் ரேடியோ பாஷை என்று காலம் தள்ளுகிறவர். அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்தக் கருவி வைத்து, தம்மைப் போன்ற உரிமக்காரர்களோடு வானலையில் பேசுவார். ஹாம் ரேடியோ என்பார்கள். கையில் செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால் அவரிடம் நேர்பதில் கிடையாது. கடையில் மீன் விற்கும்போது கண்மாய்க்கரையில் எதற்குத் தூண்டில் போடுகிறார்கள் என்று திருப்பிக் கேட்பார்.

இந்த ஆட்களுக்குள் ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, இடி விழுந்தால் கருவியை எப்படிக் காப்பாற்றுவது, வீட்டுக்காரர் மாடியில் குழாய் நடக்கூடாது என்கிறாரே என்ன செய்வது என்று நாள் முழுக்கக் கேள்விகள் வரும். கேள்வி கேட்டவன் மூச்சு விடுவதற்குள் ஹரிராமின் பதில் வந்து விழும். முக்கியமாக இரைச்சல் விஷயத்தில் அவர்தான் கடைசி வார்த்தை. வீட்டு மெயினை அணை, பேட்டரியில் ரேடியோவைப் போடு, அப்போதும் இரைந்தால் குற்றவாளி வெளியே இருக்கிறான் என்று பொருள், கையில் சின்ன ரேடியோவோடு தெருவில் நட என்று ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்னவர் அவர். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அதுதான் பின்னால் அவர் வாயைக் கட்டிப் போட்டது.

அவருக்கு வானலையில் எத்தனையோ பேர் பழக்கம். ஆனால் மாப்ள என்று கூப்பிடுகிற ஆள் ஒருவர்தான். உசிலம்பட்டிக்கு அந்தப்புறம் தோட்டத்து வீட்டில் இருக்கும் காசிமாயன். கிணறும் மல்லிகைக் கொல்லையும் வைத்திருக்கும் சம்சாரி. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உரிமத் தேர்வு எழுதினார்கள். ஹரிராம் கருவியை வெளியூரிலிருந்து வரவழைத்தார். காசிமாயன் பழைய பாகங்களை வாங்கிவந்து தானே சூடுவைத்து ஒட்டி ஒரு கருவி செய்தார். அதன் சக்தி ஒரு குண்டு பல்புக்குக் கூடக் காணாது. இருந்தாலும் தினமும் காலையில் பூ எடுத்து அனுப்பிவிட்டு வந்து, "மாப்ள, இருக்கியா?" என்று அதில் கூப்பிடுவார். கடை திறக்கப் போகும் முன் ஹரிராம் அவரோடு பேசிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வானலையில் இரண்டு பேர் சந்தித்தால், உன் குரல் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவார்கள். தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. ஃபைவ் நைன் என்றால் முழு மதிப்பெண். சட்டப்படி கேட்டதைத்தான் சொல்ல வேண்டும். நடப்பு வேறு. பெயரை மூன்று தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, கடைசியில் கூசாமல் ஃபைவ் நைன் என்பார்கள். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று யார் சொல்லப்போகிறார்கள், அந்த மாதிரிதான். அதிலும் காசிமாயன் தன் கையால் செய்த கருவிக்கு மார்க் குறைத்துப் போட ஹரிராமுக்கு மனசு வராது.

இந்த நிலையில் பக்கத்து வீட்டு சிவபாண்டி மாடியில் சோலார் தகடு போட்டார்.

தகட்டின் மேல் குற்றமில்லை. அதன் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டிதான் வில்லன். வெயில் பட்ட நிமிடம் அது வானலையில் இரைய ஆரம்பிக்கும். ஹரிராமின் ரேடியோவில் கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல ஓயாத சத்தம். தாம் ஊருக்குச் சொன்ன வைத்தியத்தையெல்லாம் தமக்கே செய்துகொண்டார். மெயினை அணைத்தார். சின்ன ரேடியோவோடு தெருவில் நடந்தார். சிவபாண்டி வீட்டுச் சுவரோரம் போனதும் அது அலறியது.

சிவபாண்டி நல்ல மனுஷன். சொன்னதும் மாடிக்குப் போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார்.

"அண்ணே, நல்லாக் காது குடுத்துக் கேட்டேன். அது பாட்டுக்குக் கமுக்கமாத்தானே இருக்கு?"

"காதுக்குக் கேக்காதுங்க. ரேடியோவுக்குத்தான் கேக்கும்."

"சரிண்ணே, ஒங்களுக்காகக் காலையில கொஞ்ச நேரம் அணைச்சு வைக்கிறேன். அம்புட்டுத்தானே?"

சொன்னபடி சில நாள் அணைத்தும் வைத்தார். அந்தச் சில நாளும் காசிமாயனின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல வந்தது. பிறகு சிவபாண்டிக்கு மறந்துபோனது. அவர் மனைவி கீழே தையல் மிஷின்கள் போட்டு ஆள் வைத்துத் தைக்கிறார். காலையிலேயே வேலை ஓடும். தினமும் போய்க் கதவைத் தட்டி அணையுங்கள் என்று கேட்க ஹரிராமுக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் வாசல் வரை போய், மழை வருமா என்று பேசிவிட்டுத் திரும்பினார்.

இரைச்சலை வடிகட்டும் காந்த வளையங்கள் வாங்கி ஒயர்களில் மாட்டினார். கம்பியைத் திசை மாற்றிக் கட்டினார். கரியும் உப்பும் கொட்டிப் புதிதாக எர்த் குழி எடுத்தார். இரைச்சல் இம்மியும் அசையவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் பேசலாமே என்றால், அந்த நேரத்தில் தூரத்து ஊர்கள்தான் கேட்கும். உசிலம்பட்டி போன்ற பக்கத்து ஊர் கேட்க வெயில் வந்தாக வேண்டும். காசிமாயன் குரலைக் கொண்டுவருகிற அதே வெயில்தான் இரைச்சலையும் கொண்டுவந்தது. என்ன செய்வார் மனுஷன்?

இதைக் குழுவில் கேட்டிருக்கலாம். இரைச்சலுக்கு வைத்தியம் சொல்கிற ஆளுக்கே இரைச்சலா என்று சிரிப்பார்களே! போனைப் போட்டுக் காசிமாயனிடமாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். அவர் பேசுவது காசிமாயனுக்குத் தெளிவாகத்தான் கேட்டது. காசிமாயன் பேசும்போதோ இரைச்சலுக்குள் ஏதோ கனமாக உருளும், அவ்வளவுதான். உருளல் நின்றதும் ஹரிராம் பேசுகிற பொத்தானை அழுத்துவார். அவன் வேறு என்ன சொல்லப்போகிறான், கிணற்றில் தண்ணீர், பூ வரத்து, மழை, இதுதானே? "ரோஜர் மாப்ள, ஃபைவ் நைன், அருமை. ரொம்ப சந்தோஷம்" என்பார். ரோஜர் என்றால் நீ சொன்னது வந்துசேர்ந்தது என்று அர்த்தம். இது ஓடிக்கொண்டே இருந்தது. தாம் ஏமாற்றுகிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. மரியாதை செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை அப்படிப் பேசி முடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது போன் அடித்தது. ஒத்தக்கடையில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அசோக்குமார். அவரும் ஹாம்தான்.

"அண்ணே, இம்புட்டு நேரம் யாருகூடப் பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"காசிமாயன்கூடத்தான். ஏன்?"

"அண்ணே, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதுல ஒங்களத் தவிர ஒருத்தரும் இல்லையே."

ஹரிராம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவரு சம்சாரம், நம்ம அக்காவுக்கு ஆப்பரேசன் முடிஞ்சு நேத்துத்தாண்ணே ஊருக்குக் கூட்டிப் போனாரு. மதுரை ஆஸ்பத்திரியிலதான் இருந்தாக. நான்தான் ரத்தம் குடுத்தேன். ஒங்ககிட்டச் சொன்னதாச் சொன்னாரே? ஒங்க வீட்ல இருந்து பத்து நிமிசம்கூட இல்லையேண்ணே அந்த ஆஸ்பத்திரி!"

காசிமாயன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த அத்தனை நாளும் ஹரிராம் காலையில் மாடியேறி, ஆளில்லாத இரைச்சலுக்கு ஃபைவ் நைன் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மனைவி ஸ்வர்ணாவிடம் சொன்னார். அவள் கத்தவில்லை. "வருஷா வருஷம் நம்ம வீட்டுக்குப் பூ கொண்டுவர்ற பொம்பளைக்கு ஒரு வாய் கஞ்சி கொண்டுபோய்க் குடுக்க விடாமப் பண்ணிட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள். கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்தது.

அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, ஆரப்பாளையத்தில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். வழி நெடுக ஹரிராம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனார். இன்வெர்ட்டர், சிவபாண்டி, தையல் மிஷின் என்று எல்லாம் வரிசையாக வந்தது. நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் மட்டும் பேச்சு சிக்கிக்கொண்டது.

காசிமாயன் கொல்லையில் நின்றிருந்தார். பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா?"

வாங்க என்ற அந்த ஒரு வார்த்தையில் ஹரிராமுக்குப் பாதி உயிர் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் காசிமாயன் அவரை வாங்க என்று சொன்னதே இல்லை. வா மாப்ள என்பார், இல்லையென்றால் திட்டுவார். இப்போது நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி வரவழைத்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஹரிராம் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி, வெயில், இரைச்சல், எர்த் குழி, ஒன்று விடாமல் சொன்னார். காசிமாயன் குறுக்கே பேசாமல் கேட்டார். அவரும் ரேடியோக்காரர்தான். பொய்யில்லை என்று அவருக்குத் தெரியும்.

"இன்வெர்ட்டர் இரையும், நெசந்தான்" என்றார். "வளையம் மாட்டியும் கேக்கலையா?"

"கேக்கல மாப்ள."

"அப்ப எனக்கு ஏன் தெனமும் ஃபைவ் நைன் குடுத்தீங்க?"

பஸ்ஸில் பேச்சு சிக்கிய இடம் இதுதான்.

"கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போன் போட்டிருப்பேன்ல? பொம்பளத் தொணைக்கு ஆளு இல்ல, ஒருநாளு ஸ்வர்ணாவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைய்யின்னு ரேடியோவுல கேட்டேன். ரொம்ப சந்தோஷம்னீங்க. அதுக்கு மேல போன் போட்டுக் கெஞ்சவா சொல்றீங்க?"

உள்ளே கட்டிலில் காசிமாயனின் மனைவி பாண்டீஸ்வரி படுத்திருந்தாள். ஸ்வர்ணா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹரிராம் வாசற்படியில் போய் நின்றார். பாண்டீஸ்வரி எழுந்திருக்கப் பார்த்தாள். ஸ்வர்ணா தடுத்தாள்.

"அவரு மேல கோவப்படாதீகண்ணே" என்றாள் பாண்டீஸ்வரி மெல்லிய குரலில். "அன்னிக்கு நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என்னிய வச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு. நீங்க சொன்னது தெளிவாக் கேட்டுச்சு. அவுகளுக்கு என்ன சோலியோ, விடுங்க மாமான்னு நான்தான் சொன்னேன்."

இவளிடம் இன்வெர்ட்டரைப் பற்றி என்ன சொல்வது? கிளம்பும்போது காசிமாயன் பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டார். "பாத்துப் போங்க" என்றார். பஸ் திரும்பும் வரை நின்றார்.

மறுநாள் காலை ஹரிராம் மாடியறைக்குப் போனார். சிவபாண்டி வீட்டுத் தகடுகளில் வெயில் விழுந்துவிட்டது. ரேடியோவைப் போட்டதும் இரைச்சல் பொங்கி வந்தது. பொத்தானை அழுத்தினார்.

"மாப்ள, ஹரிராம் பேசுறேன். நீ பேசுறது எனக்குக் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல. நான் குடுத்த ஃபைவ் நைன் அம்புட்டும் பொய்யி. இருந்தா ஒரு வார்த்த பேசு மாப்ள. திட்டுனாலும் சரி. ஓவர்."

பொத்தானை விட்டார். இரைச்சல் கொதித்தது. காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக் கேட்டார். உள்ளே ஏதோ உருள்வது போல இருந்தது. இல்லாதது போலவும் இருந்தது. காசிமாயன் பேசுகிறானா, இல்லை, கருவியை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டானா என்று அவரால் சொல்ல முடியவில்லை. போனில் கேட்டுவிடலாம். என்ன பேசினாய் என்று கேட்பதா, பேசினாயா என்று கேட்பதா? அதற்கு அவருக்கு வாய் வரவில்லை.

கீழே தையல் மிஷின்கள் ஓடத் தொடங்கின. ஹரிராம் மறுபடியும் பொத்தானை அழுத்தி, "கேக்கல மாப்ள" என்றார்.