ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி

அவனுக்குக் குமிழி என்று பெயர் வைத்தவள் நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். கார் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டுவது அவன் பிழைப்பு. ஒட்டி முடித்த பிறகு டார்ச்சை அடித்துக்கொண்டு எங்கேயாவது குமிழி நிற்கிறதா என்று தேடுவான் பாருங்கள், தலையில் பேன் பார்க்கிற மாதிரி. வண்டிக்காரர் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்பார். இவன் "இருங்க சார், இருங்க சார்" என்று இன்னொரு சுற்று சுற்றுவான். பார்க்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

என் கடை ஒட்டினாற்போலப் பக்கத்தில். கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான், அதிலும் கதவளவுக்கு ஒரு திறப்பு. அவன் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் திட்டினால் அவனுக்குக் கேட்கும். அதிகம் கேட்டவன் அவன்தான்.

அந்த வேலைக்குத் தூசிதான் எமன். ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் நின்றால் சில நாளில் காய்ந்துவிடும். தூசி மாட்டினால் மாட்டியதுதான், முழு ஃபிலிமையும் உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும். அதனால் ஷட்டரைப் பாதி இறக்கி, தரையில் தண்ணீர் தெளித்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவான். ஊரார் வண்டி குளுகுளுவென்று இருப்பதற்காக இவன் உள்ளே வெந்துகொண்டிருப்பான். "உனக்கு எதுக்குடா இந்தத் தலையெழுத்து?" என்பேன். "காத்து வந்தா தூசி வரும்க்கா" என்பான். அதற்குமேல் பேச்சு கிடையாது. அவன் ஒட்டிய கண்ணாடியில் தூசி என்று சொல்லி ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை. தெருவுக்கே அது தெரியும்.

அவன் கதையை அவனாக உட்கார்ந்து சொல்லவில்லை. அவ்வப்போது வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கிச் சேர்த்தவள் நான். கட்டியவள் காய்ச்சலில் போய்விட்டாள், பெண் குழந்தை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. இவனுக்குத் துணைக்கு ஆளில்லை. மனைவியின் அக்காளுக்குப் பிள்ளையில்லை, வீடு வாசல் வசதி உண்டு. தூக்கிக்கொண்டு போனாள். ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளை எங்களைத்தான் அம்மா அப்பா என்று நினைத்து வளர வேண்டும், நடுவில் நீங்கள் வந்து நின்றால் குழம்பிப்போகும், வராதீர்கள். இவன் தலையை ஆட்டிவிட்டான். "தலைய ஆட்டுறதுக்கு நீ என்ன மாடாடா?" என்று கத்தினேன். "நல்லா வளரும்க்கா" என்றான். அவ்வளவுதான். ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஊரின் அந்தப் பக்கமே அவன் போனதில்லை.

இப்படியே பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதும் வந்துவிட்டது. கோடை விடுமுறையில் ஒருநாள் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் அவன் சகலை, அந்த அக்காளின் புருஷன். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் ஓசி என்றால் ஊரைச் சுற்றிக்கொண்டாவது வருகிற ரகம்.

"தம்பி, நல்லாயிருக்கியா? பின்சீட்டுல வெயில் ஊசியா குத்துது, பாப்பா தெனம் ஒரே அழுகை. நம்ம ஆளு இருக்கும்போது வெளிய எதுக்குக் குடுக்கணும்னு வந்துட்டேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "அக்காவுக்குத் தெரியாது. பாப்பாவையும் வீட்ல தனியா விட முடியல. நீ பாத்துப் பேசு, என்ன?" என்றார்.

பின்கதவு திறந்தது. குழந்தை இறங்கியது. மூக்கும் முழியும் அப்படியே இவன்தான், அந்த ஆள் எந்தத் தைரியத்தில் கூட்டிக்கொண்டு வந்தாரோ. குமிழி கையிலிருந்த துணியைப் பிழிந்தான், பிழிந்தான், பிழிந்துகொண்டே இருந்தான்.

"மாமாக்கு வணக்கம் சொல்லு" என்றார் சகலை.

"வணக்கம் மாமா" என்றது பிள்ளை.

சகலை டீ குடிக்கப் போனார், போனவர் ஃபோனில் மூழ்கிவிட்டார். பிள்ளை என் கடையில் பஞ்சு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து திறப்பு வழியே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் சும்மா இருக்குமா?

"மாமா, ஏன் ஃபேன் போடல? உங்களுக்கு வேர்க்குதே?"

"ஃபேன் போட்டா தூசி பறக்கும்டா கண்ணு. உள்ள மாட்டிக்கிச்சுன்னா அப்புறம் வெளிய எடுக்க முடியாது."

"மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"வண்டி திரும்ப என்கிட்டயே வரணும். உரிச்சுட்டுப் புதுசா ஒட்டணும்."

தெளிக்கிற பாட்டிலை அவள் கையில் கொடுத்தான். கண்ணாடியில் அடிக்கச் சொன்னால் அவன் முகத்தில் அடித்தாள். அவன் சிரித்தான். இத்தனை வருஷத்தில் அவன் பல்லை நான் பார்த்தது அன்றுதான். கடையில் இருந்ததிலேயே நல்ல ஃபிலிமைப் பிரித்தான், பெரிய பெரிய வண்டிக்கென்று வைத்திருந்த சுருள். அவள் உட்காருகிற பக்கத்துக் கண்ணாடியை முதலில் ஒட்டினான். ரப்பர் தகட்டால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி, ஓரத்தை நகத்தால் அழுத்தி, கண்ணாடிமேல் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆக்கிவிட்டான். மெதுவாகச் செய்தான், வேண்டுமென்றே மெதுவாக. ஆனாலும் கண்ணாடிகள் எத்தனைதான் இருக்கும் ஒரு வண்டியில்?

கடைசியாக மிச்சம் இருந்தது ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி. சகலை வாசலில் வந்து நின்று, "ஆச்சா?" என்றார். குமிழி பிள்ளையிடம் வந்து குனிந்தான். அவள் சட்டைக் கையில் என் கடைப் பஞ்சு ஒட்டியிருந்தது. கிள்ளி எடுத்தான். தட்டிவிடுகிறான் என்றுதான் நினைத்தேன். போய் ஃபிலிமைத் தூக்கி, அந்தத் துளிப் பஞ்சைக் கண்ணாடியில் வைத்து, மேலே ஒட்டிவிட்டான்.

என் கண்ணால் பார்த்தேன். ஓட்டுகிறவர் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிற இடம். சகலையால் நிச்சயம் பொறுக்க முடியாது, நிச்சயம் திரும்பி வருவார். அவர் வந்தால் பிள்ளையும் வரும். இதுதான் அவன் கணக்கு. அட கிறுக்கா என்று உள்ளுக்குள் திட்டினேன். காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

"டாட்டா மாமா!" என்றது பிள்ளை. வண்டி போய்விட்டது.

அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டான். தினம் முகச்சவரம். பிள்ளைகள் உட்காருகிற சின்ன நாற்காலி ஒன்று வாங்கி வைத்தான். கேட்டால், "யாராச்சும் கஸ்டமரோட பிள்ளைங்க வரும்ல?" என்றான். எந்த வெள்ளைக் கார் தெருவில் திரும்பினாலும் கை நின்றுவிடும். "வேலையப் பாருடா, அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று நான்தான் அதட்டுவேன். ஆனால் வெள்ளைக் கார் வந்தால் என் மெஷினும் நின்றது, அதைச் சொல்லாமல் என்ன. விடுமுறை முடிந்து, மழைக்காலமும் வந்து போனது.

ஒருநாள் அந்தக் கார் வந்தது. அதே வண்டி, அதே எண். குமிழி ஓடினான், செருப்பில்லாமல். பின்கதவைத் திறந்தான். சீட்டில் ஒன்றுமில்லை. முன்னாலிருந்து ஒரு டிரைவர் இறங்கினான், இளவயதுக்காரன், வாயாடி.

"அண்ணே, இந்தக் கண்ணாடில ஏதோ பஞ்சு மாட்டியிருக்குண்ணே. வண்டிய விக்கப் போறோம், வாங்குறவர் இதையே சொல்லிச் சொல்லி வெலையக் கொறைக்கிறாரு. உங்ககிட்ட காட்டுனா செஞ்சு தருவீங்கன்னு சார் ஃபோன்ல சொன்னாரு."

"அவங்க... வரலையா?"

"உங்களுக்குத் தெரியாதா? குடும்பத்தோட வெளிநாடு போயிட்டாங்களே. சாருக்கு அங்க வேலை ரொம்ப நாளா ரெடியா இருந்துச்சு, மேடம்தான் போக மாட்டேன்னுட்டு இருந்தாங்க. திடீர்னு அவங்களே கெளம்பலாம்னு ஒத்தக் கால்ல நின்னாங்க."

குமிழி பின்கதவை மெல்லச் சாத்தினான். நான்தான் திறப்பு வழியே தலையை நீட்டி, "ஏன் திடீர்னு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"எல்லாம் இந்தப் பஞ்சாலதான்க்கா! சொன்னா சிரிப்பீங்க. பாப்பா இதைக் காட்டிக் காட்டி, 'தூசி மாட்டிக்கிச்சு, அந்த மாமாகிட்ட போலாம், வாங்க'ன்னு ஒரே அடம். சாரும் சரின்னு கெளம்பிட்டாரு. மேடம் வந்து பாத்தாங்க. எந்தக் கடைல ஒட்டுனதுன்னு கேட்டாங்க, சார் சொன்னாரு. அவ்ளோதான், மூஞ்சி வெளுத்துப்போச்சு. 'அவரு தூசி விடுறவரு இல்ல'ன்னு அதையே ரெண்டு மூணு தடவ சொன்னாங்க. வண்டிய அங்க கொண்டு போகவே கூடாதுன்னுட்டாங்க. மறு மாசமே டிக்கெட்டு. பெரிய எடத்து விஷயம், நமக்கு எங்க புரியுது?"

எனக்குப் புரிந்தது. அவனுக்கும் புரிந்தது. டிரைவர் சிரித்தபடியே டீக்கடைப் பக்கம் போனான்.

குமிழி ஷட்டரை இறக்கினான், தரையில் தண்ணீர் தெளித்தான், மின்விசிறியை நிறுத்தினான். ஓட்டுநர் பக்கத்து ஃபிலிமைச் சூடு காட்டி உரித்தான். அந்தப் பஞ்சை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். இல்லை, சோப்புத் தண்ணீரோடு சேர்த்து வழித்துத் தரையில் விட்டான். புதிதாக ஒட்டினான். அப்படியொரு ஒட்டல், ஒரு குறை சொல்ல முடியாது. டிரைவர் வந்து பார்த்து, "சூப்பர்ண்ணே, வண்டி இன்னைக்கே போயிரும்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

குமிழி திறப்பில் வந்து நின்றான்.

"அக்கா, நான் சுத்தமா ஒட்டி அனுப்பியிருந்தா பாப்பா இந்த ஊர்லயே இருந்திருக்கும், இல்ல?"

எதற்கும் வாயில் பதில் வைத்திருப்பவள் நான். இதற்கும் இருந்தது, ஆமாம் என்பதுதான் அது.

"சாப்ட்டியாடா?" என்று கேட்டேன்.