வெடிக்காத வெள்ளை

அம்மா இருந்தாள். அப்பா இருந்தார், கட்டிலில், வழக்கம்போல் பேசாமல். அம்மாவின் தம்பி, என் மாமா, கைவைத்த பனியனோடு தரையில் குந்தியிருந்தார். நான் வாசற்படியில் இருந்தேன். பேனாக்காரர் அன்று இல்லை. மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மாமா வேலை பார்த்த ஃபைபர் கம்பெனியை மூடியபோது சம்பளத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு டின் ரெசின், இறுகிக் கட்டியாகும் பிசின், கொடுத்து அனுப்பினார்கள். அது ஷெட்டில் கிடந்தது. கையால் பேனா கடைந்து விற்கிற அந்தப் பேனாக்காரர் அதைக் கேள்விப்பட்டு வந்தார். பேனா கடைய உருட்டுத் தடி மாதிரி வெள்ளை ராடு வேண்டும் என்றார். நடுவில் அறுத்தாலும் உள்ளே அதே நிறம் இருக்க வேண்டும், மயிரளவு வெடிப்பும் கூடாது.

ராடு சரியாக வந்தால் மாமாவுக்கு இங்கேயே பிழைப்பு. வராவிட்டால் திங்கட்கிழமை பம்பாய் ரயில். அங்கே ஒரு படகுக் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். முன்பே பம்பாய் போன பெரிய மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டாள். 'அங்க' என்பாள்.

வேலை இதுதான். பிளாஸ்டிக் குழாயைச் சாண் சாணாக அறுத்து, உள்ளே மெழுகு தடவி, அடியை அடைத்து நிற்க வைக்க வேண்டும். ரெசின் தேன் மாதிரி இருக்கும். வெள்ளைச் சாயம் சேர்த்துக் குமிழி வராமல் கலக்க வேண்டும். கடைசியில் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் சில சொட்டு. அதன் பிறகு நிற்க நேரமில்லை, ஊற்றிவிட வேண்டும்.

ஊற்றியதும் குழாய் சுடும். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, வெயிலும் படாது. தொட்டால் கை பொத்துவிடும்போலச் சுடும். தண்ணீராக இருந்தது கல்லாகும். நான் மூச்சுவிடாமல் பார்ப்பேன். சாமி வருவது இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சூடுதான் கெடுத்தது. முன்பு ஊற்றியதெல்லாம் ஆறும்போது படீரென்று வெடித்தது. ஹார்டனரைக் குறைத்தால் ரெசின் கட்டாமல் பிசுபிசுவென்று நின்றது. டின்னில் மிச்சம் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

எல்லாரும் இருந்த அந்த வெள்ளிக்கிழமை மதியம் மாமா அதையும் கலக்கினார். ஹார்டனர் பாட்டிலை எடுக்கத் திரும்பினார். அம்மா முந்தானையிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டாள்.

"இன்னாக்கா பண்ணிட்டே!"

"வெறும் வெள்ளையில எவன்டா தொழிலு ஆரம்பிப்பான்? அதான் வெடிக்குது."

"வெள்ளை ராடு கேட்டுகிறாரு. மஞ்சாவ போட்டுகினு நிக்கிற. இன்னா கொழம்பா வெக்கிறேன் நானு?"

"ஆத்தா பாத்துப்பா. ஊத்துடா."

"உங்காத்தா வந்து பேனா வாங்குவாளா?"

மாமா சாமி இல்லை என்கிற கட்சி. விபூதி வைத்தால் அங்கேயே துடைத்துவிடுவார். ஆனால் வேறு ரெசின் இல்லை. கலக்கினார். சொட்டு விட்டார். ஊற்றினார்.

குழாய் சுடவில்லை. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மடியில் வைத்த பூனை மாதிரி வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பொழுது சாயும்வரை உள்ளே தயிராகவே நின்றது. மாமா குச்சியால் குத்திப் பார்த்தார். உள்ளே போய்த் துணிகளைப் பையில் வைக்க ஆரம்பித்தார். அம்மா சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

காலையில் முதலில் ஷெட்டுக்குப் போனவர் அப்பா. அங்கிருந்து கூப்பிட்டார்.

"மச்சான். வந்து பாரு."

மாமா ஒரு குழாயைக் கவிழ்த்துத் தட்டினார். ராடு வழுக்கிக்கொண்டு கையில் விழுந்தது. முழுசாக. இன்னொன்று. அதுவும் முழுசு. ஒன்றோடொன்று தட்டினார். கிணுங் என்றது. சுத்த வெள்ளை இல்லை. கடைந்த தந்தம் மாதிரி இருந்தது. நான் ஒன்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். குளிர்ந்தது. நேற்று ஊற்றிய பொருள் இது என்று நம்ப முடியவில்லை. மாமா ராடை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பேனாக்காரர் வந்தார். ரம்பம் எடுத்து ஒன்றை நடுவில் அறுத்தார். கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"வெள்ளை கேட்டேன் நைனா."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"இது வெள்ளைய விட ஷோக்கா கீது. திரும்பவும் இதே கலரு வருமா?"

மாமா அம்மாவைப் பார்த்தார்.

"வரும்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு புது டின் வாங்கி ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் மாமா மஞ்சள் போட்டார். வெள்ளிக்கிழமை என்று பார்க்கவில்லை, புதன்கிழமையும் போட்டார். தீக்குச்சி முனையில் அளந்து போட்டார். மாமா பக்தர் ஆகிவிட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மஞ்சள் ரெசினைச் சூடேறவிடாமல் மெதுவாக இறுக வைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமா கண்டுபிடித்துவிட்டார். அம்மாவிடம் சொல்லவே இல்லை. அவள் கடைசிவரை ஆத்தா என்றே நம்பினாள். மஞ்சள் கேட்டு வரும் தம்பியைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் ஏன் சொல்லவில்லை என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

திங்கட்கிழமை ரயிலில் மாமா போகவில்லை. அறுத்த ஒன்று போக, பேனாக்காரர் அன்று எடுத்துப்போன ராடு இருபத்து மூன்று.