வயலில் மின்னுவது தண்ணீர்தானா

கொள்முதல் நிலையத்துக் களத்தில் எங்கள் நெல் குவியலில் பாதி காணாமல் போனதுதான் முதல் அறிகுறி.

யாரோ அள்ளிவிட்டார்கள் என்று பதறிக் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்திலும் பாதி இல்லை. அந்த இடத்தில் கருக்கரிவாளின் பல்வரிசை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னி மின்னி நெளிந்தது. சற்று நேரத்தில் அது மறைந்து, இடப்பக்க நெற்றிப்பொட்டில் வலி இறங்கியது. வாந்தி எடுத்தேன். வெயில்தான் காரணம் என்றார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

உள்ளுக்குள் வேறு பயம். என் அப்பா தலைவலி என்று படுத்தவர், மறுநாள் எழவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவர் போன வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

எடை போடும்வரை நானும் கணவரும் மாறி மாறிக் காவல் கிடந்தோம். மேகம் கறுத்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், வெயில் வந்தால் பிரித்து உலர்த்த வேண்டும். ஈரப்பதம் கூடினால் நெல்லை எடுக்கமாட்டார்கள். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்களே, தூக்கத்தையும் அப்படி நினைத்துவிட்டேன். முறை இல்லாத நாளில் காயப்போட்டு, முறை வரும்போது மொத்தமாகப் பாய்ச்சிக்கொள்ளலாம் என்று. உடம்பு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மூட்டைகள் லாரி ஏறிய அன்று நிம்மதியாகப் பகல் முழுக்கத் தூங்கினேன். எழுந்தபோது அந்தக் கோடு மறுபடி வந்திருந்தது. இம்முறை வலது கை மரத்தது. கணவரைக் கூப்பிட்டால் நாக்கு குழறியது. அப்பாவுக்கு வந்ததேதான் என்று முடிவுகட்டி அழுதேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், பேச்சு நின்றுவிடுமோ என்று.

அவசரமாக ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. இது மைக்ரேன்" என்றார். மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) சிலருக்கு ஆராவோடு (வலிக்கு முன் கண்ணில் தெரியும் ஒளிக்கோடு, மரத்துப்போதல்) வருமாம்.

"எங்கப்பாவுக்கு வந்தது இது இல்லையா டாக்டர்?"

"அது வேற, இது வேற."

"கவலையா இருந்தப்ப இவ்வளவு மோசமா வரல. எல்லாம் முடிஞ்சு தூங்குனப்புறம் ஏன் வந்துச்சு?"

"நெறைய பேருக்கு அப்படித்தான். மனசு இறுக்கமா இருந்து சட்டுனு தளர்ந்தாலும் வரும். தூக்கம் குறைஞ்சாலும் வரும், கூடுனாலும் வரும். தெனம் ஒரே நேரத்துல படுங்க, ஒரே நேரத்துல எந்திரிங்க."

"நெல்லு களத்துல கெடக்கும்போதுமா?"

"அப்பவுந்தான்" என்றார். சிரிக்கவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் கண்ணில் கோடு தெரிந்தால், கை மரத்தால், வெயில் என்று என்னைப்போல உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே போய்க் காட்டுங்கள். வெளியே சொல்லாமல் வைத்திருந்த பயமும்தான் என் நோயை வளர்த்தது.

மாத்திரையிலும் நேரத்துக்குப் படுப்பதிலும் வலி வருவது குறைந்தது. அடுத்த அறுவடையில் காவலுக்குக் கொழுந்தனார் வந்தார். இடி இடிக்கும்போதும் நான் என் நேரத்துக்குப் படுத்தேன். தூங்கினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்போது நடவு. வயல் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வெயில். ஓரக்கண்ணில் ஏதாவது மின்னினால் என் கை நின்றுவிடுகிறது. கண்ணை மூடினால் தெரிந்துவிடும். மூடிய பிறகும் மின்னினால் அது என் தலைக்குள் இருப்பது. ஆனால் மூடப் பயமாக இருக்கிறது.

"என்னங்க, அந்த வரப்போரம் மின்னுதா?"

அவர் தன் நெற்றியில் கையைக் குடையாகப் பிடித்து அந்தப் பக்கம் பார்ப்பார். அவர் பார்த்துச் சொல்வதற்குள் ஒரு போகமே விளைந்து முடிவது போலிருக்கும்.

"மின்னுது. எனக்கும் கண்ணு கூசுது."

அதற்குப் பிறகுதான் கையிலிருக்கும் நாற்றை ஊன்றுவேன்.