விழும்போது வரும் கை

இலங்கையில், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தார் அவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அவரிடம் விட்டுச் செல்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே படிவம் நிரப்பப் போகும் பரிசோதகன் நான்.

ஆயாவுக்கு ஒல்லியான உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால்கள். உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைக் கடக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றின் தோளையும் ஒரு விரலால் மெல்லத் தள்ளுவார். குழந்தை சாய்ந்து, கையூன்றி, நிமிரும்.

"ஏம்மா புள்ளைகளத் தள்ளுறீங்க?"

"விழப் போறப்ப கை வருதான்னு பாக்குறேங்க ஐயா. இந்தா, இவளுக்கு ஒம்பது மாசம் முடிஞ்சிருச்சு, கையே வரல. மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுங்க."

தள்ளிக் காட்டினார். அந்தப் பெண்குழந்தை அவருடைய மறு உள்ளங்கையில் மூட்டைபோல விழுந்தது.

என் படிவத்தில் எடைக்கு இடமிருந்தது, நடந்த வயதுக்கு இடமிருந்தது. வராத கைக்கு இடமில்லை.

"ஒரு வயசு முடியட்டும்," என்றேன். விதி தெரிந்தவன் யோசிக்க வேண்டியதில்லை.

அவர் காத்திருக்கவில்லை. துண்டில்லாமலே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்; வாராவாரம் பயிற்சிக்கு வரச் சொன்னார்களாம். அடுத்த முறை போனபோது, அனுமதியின்றி அவர் வேலைக்கு வராத நாட்களை எழுதினேன். அதற்கு இடமிருந்தது.

"எழுதுங்க ஐயா. அதுக்கு முந்தி இவளத் தள்ளிப் பாருங்க."

தள்ளினேன். ஒரு சின்னக் கை, தாமதமாக, தரையைத் தொட்டது.

இப்போது எந்த வீட்டிலும் குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தால் என் விரல் துறுதுறுக்கிறது. தாய் முறைத்தாலும், அந்தக் கை வரும்வரை நான் நாற்காலியில் உட்காருவதில்லை.