சிகாமட்டில் ஆகாயக்கப்பலுக்காக

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போக ரயிலில் ஒரு பகல் முழுவதும் ஆகும். ஆகாயக்கப்பலில் கிளம்பும் தம்பி, "மத்தியானச் சாப்பாடே அங்கதான்" என்று என்னைக் கேலி செய்தான். இப்போது என் ரயில் பாதி வழியில், சிகாமட்டில் நிற்கிறது. மேகம் கறுத்துத் தாழ்ந்து கிடக்கிறது. இந்த மேகத்தில் தம்பி எப்படி வந்து சேருவானோ என்று ஜன்னலில் தலையை நீட்டிப் பார்க்கிறேன்.

தண்டவாளத்துக்கு அப்பால், ரப்பர்ப் பால் வாளிகளோடு தோட்டத்துப் பெண்கள் காத்திருக்கிறார்கள்.

"ஏம்மா, ஆகாயக்கப்பல் போயிருச்சா?"

"இன்னும் இல்லீங்க ஐயா," என்கிறாள் ஒருத்தி. "தினம் அதுதான் எங்களுக்கு மணி; அது போனாத்தான் நாங்க பால் தூக்குவோம். மப்பா இருந்தா ரயில் ரோட்டைப் பாத்துக்கிட்டே தாழ வருங்க."

தெற்கே இரைச்சல் கேட்கிறது. தண்டவாளத்துக்கு நேர்மேலே, மரங்களை உரசுவதுபோல் ஆகாயக்கப்பல் வந்து கடந்துபோகிறது. பெண்கள் அண்ணாந்துகூடப் பார்க்காமல் வாளிகளைத் தூக்குகிறார்கள். நான் மட்டும் தொப்பியைக் கழற்றி ஆட்டுகிறேன்.

நான் இருட்டித்தான் போய்ச் சேருவேன். அதற்குள் அவன் சாப்பிட்டு, தூங்கியும் எழுந்திருப்பான். வாய் வலிக்கக் கேலி செய்யட்டும்.