முதல் வண்டி

ராஜகுமாரி இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்தவள். கூடப் படித்தவர்கள் வங்கிக்கும் கல்லூரிக்கும் வேலைக்குப் போனார்கள். அவள் கொடைக்கானலில் சொந்த ஜீப் ஓட்டுகிறாள்.

ஜீப் ஸ்டாண்டில் வரிசைதான் சட்டம். முதலில் நிற்கும் வண்டியில்தான் பயணிகள் ஏற வேண்டும். ஆனால் பெண் ஓட்டுகிறாள் என்று பயணிகள் தயங்கினால், பின்னால் நிற்பவர்கள் கூசாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருநாள் அவள் வண்டியை வழியில் குறுக்கே நிறுத்திவிட்டாள்.

"வரிசைன்னு வச்சது நீங்கதானண்ணே? எனக்கு அது இல்லைன்னா இன்னைக்கு யாருக்கும் சோலி இல்ல."

பின்னால் நின்ற ஜீப்காரர் செல்லப்பாண்டிதான் அதிகம் கத்தினார். மதியம்வரை ஒரு வண்டியும் நகரவில்லை. கடைசியில் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள்.

போன மாதம் அவளுடைய கல்லூரித் தோழி தேவசேனா வட்டக்கானல் பார்க்கக் குடும்பத்தோடு வந்தாள். கோவையில் பேராசிரியை.

"இதுக்காடி எம்.எஸ்சி. படிச்ச?"

தேவசேனாவின் கணவன் அடுத்த ஜீப்புக்குப் போனான். அது செல்லப்பாண்டியின் வண்டி.

"மொத வண்டி அதுங்க," என்றார் அவர், வண்டிக் கண்ணாடியைத் துடைத்தபடியே. "அது கெளம்பாம நான் எடுக்க மாட்டேன். வேணும்னா வட்டக்கானலுக்கு நடந்து போங்க."

ராஜகுமாரி கதவைத் திறந்துவிட்டாள்.

"இதுக்கும்தான் படிச்சேன். ஏறு."