எட்டுப் பட்டைத் தூணும் பத்து விரலும்

எங்கள் பட்டறை இருக்கும் தெருவில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பத்து' என்பார்கள். முப்பது வருஷம் டேபிள் சா மெஷினில் பலகை அறுத்தும் பத்து விரலும் மிச்சம் இருப்பதால் கிடைத்த பட்டம் அது. அந்தத் தெருவில் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. எதிர்ப்பட்டறைக்காரர் டீக்கடையில் இரண்டு விரலைக் காட்டினால் ஒரு டீதான் வரும்.

இவருக்கு விரல்கள் தங்கியது திறமையால் மட்டும் இல்லை, பயத்தால். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். மெஷினைப் போடும் முன் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பார், சட்டைக் கையைச் சுருட்டிவிடுவார், கண்ணாடி மாட்டுவார். பிளேடுக்கு நேராக ஒரு நாளும் நிற்க மாட்டார், ஓரடி ஜன்னல் பக்கம் ஒதுங்கித்தான் நிற்பார். பலகையின் கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தொடாமல் கட்டையால்தான் தள்ளுவார். எதிர்ப்பக்கம் நின்று அறுபட்டு வருகிற பலகையை வாங்குவது என் வேலை. "இழுக்காத, வர்றத வாங்கிக்கோ" என்பதுதான் கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு.

பழைய மெஷினின் மோட்டார் புகைந்து போனதும், மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வேறொன்று கொண்டுவந்தோம். அதே பச்சை, அதே உயரம். மூன்று வாரம் நேர் அறுப்பாகவே வந்தது, ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நூலகத்தில் நான்கு தூண்களுக்கு மரத்தால் போர்வை செய்யக் கேட்டார்கள். எட்டுப் பட்டைத் தூண். ஒரு தூணுக்கு எட்டுப் பலகை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரமும் சரிவாக அறுபட வேண்டும். அப்போதுதான் எட்டும் சேர்ந்து தூணைச் சுற்றி மூடும். அதற்குப் பிளேடைச் சாய்த்து அறுக்க வேண்டும்.

பிளேடைச் சாய்க்கும் சக்கரத்தைச் சுற்றி இருபத்திரண்டரை டிகிரியில் நிறுத்தினார். பலகை ஒட்டி ஓடுகிற இரும்புச் சட்டத்தை வழக்கம்போலக் கதவுப் பக்கம் வைத்து இறுக்கினார். முதல் பலகை போனது. இரண்டாவதும் போனது, ஓரத்தில் லேசான கருகலோடு. மூன்றாவது பாதியில் ஒரு முறை துள்ளியது. அடுத்த நொடி அது என் பக்கம் வரவில்லை, அவர் பக்கம் பாய்ந்தது. அவர் விலாவை உரசாத குறையாகப் போய், பின்சுவரில் குத்தி, காரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அவர் ஒதுங்கி நிற்காமல் இருந்திருந்தால் இதை நான் இவ்வளவு நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் மெஷினை அணைத்தார், பிளக்கைப் பிடுங்கினார், கீழே உட்கார்ந்தார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? அவர் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை. சாணை பிடிக்கிறவர் பிளேடு மழுங்கியிருக்கும் என்றார், பார்த்தால் பல் புத்தம்புதுசு. மரக்கடைக்காரர் பலகையில் ஈரம் என்றார், இல்லை. எலெக்ட்ரீஷியனான என் தம்பி வந்து, "கரண்டு ஏறி இறங்கியிருக்கும் மாமா" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான். அவனுக்கு எல்லாமே கரண்டுதான், காய்ச்சல் உட்பட. சட்டம் பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று இவர் நாலு தரம் அளந்தார். மயிரிழை பிசகவில்லை.

எதிலும் தப்பு இல்லை என்றானதும் அவர் தன்னைத்தானே சந்தேகப்பட ஆரம்பித்தார். "அன்னிக்கு நான் கண்ணாடி போட்டிருந்தேனா?" "போட்டிருந்தீங்க." "கட்டையாலதானே தள்ளினேன்?" "ஆமாங்க." அரை மணி நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்பார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவி தேடினார். நாலாம் நாள் கைரம்பத்தை எடுத்துச் சரிவை அறுக்கப் பார்த்தார், கோடு கோணிக்கொண்டு போனது. அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "என் கைக்கு வேலை மறந்துபோச்சும்மா. இனி மெஷினைத் தொடமாட்டேன்."

இந்த மனிதருக்கு அந்தக் கையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? பேச்சும் கிடையாது, சீட்டாட்டமும் கிடையாது. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாததால் பட்டறையைப் பெருக்கினேன்.

பெருக்கி முடித்து மெஷினைத் துடைத்தேன். பிளக் பிடுங்கித்தான் கிடந்தது, பிளேடு அன்று சாய்த்தபடியே நின்றது. சட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவே துணியை ஓட்டினேன். துணி சிக்கிக்கொண்டது. இழுத்தால் இன்னும் இறுகியது. அங்கே எப்போதும் துணி வழுக்கிக்கொண்டு போகும். பழைய மெஷினில் பிளேடு சாய்ந்திருந்தால் ஜன்னல் பக்கம்தான் மாட்டும், அந்தப் பக்கம் நான் கிழித்த துணிக்குக் கணக்கில்லை.

"என்னங்க, இங்க வாங்க. துணி ஏன் இந்தப் பக்கம் மாட்டுது?"

வேண்டாவெறுப்பாக வந்தார். துணியைப் பார்த்தார். குனிந்து பிளேடைப் பார்த்தார்.

"இது கதவுப் பக்கம் சாயுதே," என்றார் மெதுவாக.

பழைய மெஷினின் பிளேடு சட்டத்தை விட்டு விலகிச் சாயும், பலகை தாராளமாக ஓடும். இது சட்டத்தைப் பார்த்துச் சாய்கிறது. நடுவில் போகும் பலகை அதன் அடியில் மாட்டிக்கொண்டு நசுங்கி, வழியில்லாமல் வந்த பக்கமே பாய்கிறது. இந்த மெஷினில் சரிவு அறுக்கச் சட்டத்தை ஜன்னல் பக்கம் மாற்ற வேண்டும், அவர் கதவுப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். கை மறக்கவில்லை. பழைய மெஷினை அவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்திருந்ததுதான் வினை.

அவருக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் என்மேல் பாய்ந்தார்.

"எதிர்லதானே நின்ன? பிளேடு மாறிச் சாயிறது உன் கண்ணுல படலையா? இத்தனை வருஷம் அந்தப் பக்கம் நின்னு என்னத்ததான் பாத்த?"

"உங்க விரலைத்தாங்க," என்றேன். "வேற எதையும் நான் பாத்ததே இல்ல. ஒவ்வொரு பலகைக்கும் எண்ணுவேன்."

அவர் சட்டத்தைக் கழற்றி ஜன்னல் பக்கம் மாற்றி இறுக்கினார். மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, அதை அவரே மூடிவிட்டார்.

முதல் பலகை கருகாமல், துள்ளாமல் என் கைக்கு வந்தது. மெஷினை நிறுத்தி, பிளேடு ஓயும் வரை பொறுத்து, இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டினார். கேலி என்றுதான் நினைத்தேன். அடுத்த பலகைக்கும் காட்டினார், அதற்கடுத்ததற்கும். நான் தலையாட்டிய பிறகுதான் மெஷினைப் போட்டார்.